பன்னிரண்டு வருஷக் கணக்கும் மதராசி கேம்ப்பும்

"பன்னிரண்டு வருஷம் குடியிருந்தா இடம் நமக்கே சொந்தம்." தமிழன் எந்த ஊருக்குப் பிழைக்கப் போனாலும் இந்தப் பேச்சையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு போகிறான். நான் சட்டக் கல்லூரி கண்டவனல்லன். கடைக்கணக்கு எழுதுகிற நைனார். ஓய்வு நேரத்தில் சட்டப் புத்தகங்களைப் படித்து அறிந்ததை இங்கே சொல்கிறேன்.

டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் ஓரத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மவர் வாழ்ந்த இடம் மதராசி கேம்ப். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ல் அது இடிக்கப்பட்டது. சுமார் 370 குடியிருப்புகளில் 189-க்குத்தான் மாற்று வீட்டுத் தகுதி உண்டென்று உத்தரவில் கண்டது. வீடு கொடுத்ததோ வடகோடியில், நரேலாவில். மறுவாழ்வு பெறுவதற்கு மேல் அந்த நிலத்தில் வேறு உரிமை கேட்க முடியாது என்றது நீதிமன்றம்.

அப்படியானால் பன்னிரண்டு வருஷக் கணக்கு என்னாயிற்று?

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் 65-ஆவது இனம், தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு என்கிறது. அரசு நிலமானால் 112-ஆவது இனப்படி 30 ஆண்டு. கேம்ப்புக்கு அதுவும் தாண்டியாயிற்றே என்பீர்கள். ஆனால் வெறும் காலம் போதாது. அனுபவம் வெளிப்படையாக, இடைவிடாமல், உடையவனுக்கு எதிராக "இது என்னுடையது" என்று இருக்கவேண்டும். இதற்குத்தான் எதிரிடை அனுபவம் என்று பேர். உடையவன் அனுமதியில் இருப்பது எத்தனை ஆண்டானாலும் எதிரிடை ஆகாது.

இங்கேதான் முடிச்சு. ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் நாம் அங்கே குடியிருந்ததைக் காட்டும். சொந்தம் என்று காட்டாது. "சர்க்கார்தானே விளக்குப் போட்டுக் கொடுத்தது" என்று சொன்னால், சர்க்கார் சம்மதத்தில் இருந்தோம் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனால் அதே காகிதங்கள் மறுவாழ்வுக்கு உயிர்நாடி. டெல்லியின் 2015 கொள்கைப்படி பஸ்தி 2006 ஜனவரி 1-க்கு முன்பும், குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன்பும் உண்டாகியிருக்க வேண்டும்; வாக்காளர் பட்டியலில் பெயரும் வேண்டும். ஆகவே காகிதத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

இதே சட்டம் நம்மை மறுபக்கமும் கடிக்கும். ஊரில் நிலத்தை விட்டுவிட்டு இங்கே இருக்கிறோமே! அயலான் வேலி போட்டு 12 ஆண்டு உழுதால், 27-ஆவது பிரிவுப்படி நம் உரிமையே அழிந்துபோகும். அப்படி அனுபவித்தவன் தானே வழக்குப் போடலாம் என்று 2019-ல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. குத்தகைதாரர் அனுமதியில் இருப்பவர். அவர் அனுபவம் சாதாரணமாக எதிரிடையாகாது. கூட்டுச் சொத்தில் அண்ணன் தம்பி அனுபவமும் அப்படியே, "உனக்குப் பங்கில்லை" என்று வெளிப்படையாக மறுக்கும் வரை.

ஆகையால் அன்பர்களே, ஊருக்குப் போகும்போது கோயிலுக்குப் போவதுபோல் நிலத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பட்டா, வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். தீர்வை ரசீதை உங்கள் பேரில் வாங்குங்கள். குத்தகையை எழுத்தில் வையுங்கள். ஆக்கிரமிப்பு தெரிந்தால் உறவு கெடுமே என்று வருஷத்தைத் தள்ளாதீர்கள். பேசித் தீராவிட்டால் கெடுவுக்குள் வழக்காட வேண்டும். நோட்டீஸ் விட்டதோடு கெடு நின்றுவிடாது.

காகிதமில்லாமல் குடியிருந்தவரும், காகிதம் வைத்துக்கொண்டு போய்ப் பாராதவரும் இழப்பது ஒன்றையே: காலடி மண்ணை.