தொலைந்த தபாலுக்கு யார் பொறுப்பு?

மயிலாப்பூர் கச்சேரி சாலைத் தலைமை அஞ்சலகத்தில் ஒரு கவரை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறீர்கள். இன்னொரு கவரைப் பக்கத்துக் கூரியர் கடையில் கொடுக்கிறீர்கள். இரண்டும் தி.நகருக்குத்தான். இரண்டுமே தொலைந்துபோயின என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு இரண்டும் தபால். சட்டத்துக்கு அப்படியில்லை.

1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 6ஆவது பிரிவு, தபால் தொலைந்தாலும் தாமதமானாலும் சேதமானாலும் அரசைப் பெரும்பாலும் பொறுப்பிலிருந்து விடுவித்தது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால்தான் அவர்மீது வழக்கு. அதே சட்டம் கடிதம் கொண்டுபோகும் ஏகபோக உரிமையையும் அரசுக்கே கொடுத்திருந்தது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் ஏகபோகம் போய்விட்டது. கவசம் மட்டும், 10ஆவது பிரிவாக, அப்படியே நிற்கிறது! விதிகளில் சொல்லப்பட்ட அளவுக்கு மேல் துறைக்குப் பொறுப்பில்லை. பழைய விதிப்படி, ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. நாற்பது ரூபாய் கட்டியவருக்கு எண்பது ரூபாய்.

கூரியருக்கு இந்தக் கவசம் கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. ஆனால் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். பாரதி நிட்டிங் கம்பெனி ஒரு கூரியர் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்த 100 டாலருக்கு மேல் இழப்பீடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது.

குழப்பம் இதோடு முடியவில்லை. வீட்டுக்கு வரும் போஸ்ட்மேன் மூலம் திறந்த இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கில் பிரச்சினை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதே அஞ்சலகத்தின் சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்குக்கு அந்த வழி இல்லை. அடையாறில் பென்ஷன் வாங்கும் மாமிக்கு இந்த வித்தியாசத்தை யார் விளக்குவது?

பிரிட்டனின் 2011ஆம் ஆண்டுச் சட்டம், தபால்களைச் சேகரித்து, பிரித்து, கொண்டுசேர்க்கும் வேலையையே அஞ்சல் சேவை என்கிறது. அதைச் செய்வது யார் என்பது அந்த வரையறையில் இரண்டாம் பட்சம். நம் சட்டம் செய்பவரைப் பார்க்கிறது, செய்யும் வேலையைப் பார்ப்பதில்லை. அஞ்சல் துறை போட்டிக்கு வந்தபிறகும் பொறுப்பு மட்டும் வேண்டாம் என்பது நியாயமில்லை.

சட்டம் மாறும்வரை, மதிப்புள்ளதை அஞ்சலகத்தில் இன்ஷூர் செய்து அனுப்புங்கள். கூரியரில் மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.