பிச்சை போடுகிறவர் கும்பிடும் நாடு!

தாய்லாந்து நாட்டில் பொழுது விடியும்போதே புத்த பிட்சுக்கள் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். காவி உடை. மழித்த தலை. வெறுங்கால். கையில் ஒரு பாத்திரம்.

அவர்கள் எந்த வீட்டுக் கதவையும் தட்டுவது இல்லை. "சோறு போடுங்கள்" என்று கேட்பதும் இல்லை. வாசலில் காத்து நிற்கும் ஜனங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுச் சோற்றைப் பாத்திரத்தில் போடுகிறார்கள்.

பிறகு கும்பிடுவது யார் தெரியுமா? வாங்கியவர் அல்ல, போட்டவர்! புண்ணியம் தேடிக்கொள்ள வழி கொடுத்தாரே, அதற்காக அந்தக் கும்பிடு. பிட்சு நன்றி சொல்வது கிடையாது.

மன்னரும் போனார்

ஆண் பிள்ளை கொஞ்ச நாளாவது பிட்சுவாக இருக்க வேண்டும் என்பது அங்கே பெற்றோரின் ஆசை. அந்தப் புண்ணியம் தாயாருக்குச் சேருமாம். பிறகு வீடு திரும்பி, கல்யாணமும் செய்துகொள்ளலாம். மன்னர் பூமிபால் 1956-ம் ஆண்டு 15 நாள் பிட்சுவாக இருந்தார். ராணி சிரிகிட் ராஜ்ய காரியங்களைக் கவனித்தார். மன்னரோ பாத்திரம் ஏந்தித் தெருவில் நடந்தார்!

பாசத்தால் வந்த நோய்

பிட்சு தனக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கக்கூடாது. நடுப்பகலுக்குப் பிறகு, மறுநாள் விடியும்வரை ஆகாரம் கிடையாது. பானம் மட்டும் குடிக்கலாம். பலர் பசிக்குச் சர்க்கரை கலந்த பானங்களைக் குடிக்கிறார்கள்.

பாத்திரத்தில் விழுவதும் முன்போல் இல்லை. கடையில் பையில் கட்டி விற்கும் குழம்பும் இனிப்பும் வாங்கிப் போடுகிறவர்கள் அதிகம். வீட்டில் சமைப்பவர்களிடமும் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போன தகப்பனாருக்குத் தேங்காய்ப்பால் குழம்பு பிடிக்கும் என்றால், மகள் அதையே செய்து போடுவாள். அந்தப் புண்ணியம் அப்பாவைப் போய்ச் சேரும் என்பது அவள் நம்பிக்கை. அவளைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஆனால், பிட்சுக்கள் பலர் சர்க்கரை வியாதியாலும் ரத்தக் கொதிப்பாலும் அவதிப்படுகிறார்கள். உடம்பு பருத்துவிடுகிறது. ஓடியாடித் தேகப்பயிற்சி செய்வதும் துறவிக்கு அழகல்ல என்று ஜனங்கள் நினைக்கிறார்கள்.

2017-ம் ஆண்டு, பிட்சுக்களின் உடல்நலத்துக்காகத் தேசிய அளவில் ஒரு சாசனமே கொண்டுவந்தார்கள். பிட்சு வாய் திறந்து கேட்க முடியாது அல்லவா? ஆகவே, போடுகிற வீடுகளுக்குத்தான் புத்தி சொல்லவேண்டி இருக்கிறது. சர்க்கரையையும் உப்பையும் குறையுங்கள், எண்ணெய்ப் பண்டத்துக்குப் பதில் காய்கறி போடுங்கள், தீட்டாத அரிசியில் சோறு வடியுங்கள் என்று சொல்லி வருகிறார்கள்.