புகையிலையும் மரபணுவும்: கணினி சொல்வது என்ன?

நான் பணியாற்றிய கல்லூரியில் ஆய்வக உதவியாளர் ஒருவர் இருந்தார். காலையில் பணிக்கு வந்ததும் சிறிது புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வார். "பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை ஐயா, இது பல்வலிக்காகப் பழகியது" என்பார். ஐம்பது வயதைக் கடந்தபோது அதே கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றியது. சூட்டினால் வந்தது என்று எண்ணிப் பல மாதங்கள் களிம்பு தடவினார். மருத்துவரிடம் சென்றபோது நோய் தாடை எலும்பு வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓராண்டுகூட வாழவில்லை. அவருடைய மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குச் சென்றார்.

உயிரித் தகவலியல் பயிலும் மாணவி ஒருவர் அண்மையில் தமது ஆய்வை என்னிடம் விளக்கியபோது, அந்த உதவியாளர்தான் நினைவுக்கு வந்தார். புகையிலையில் உள்ள வேதிப்பொருள்கள் வாய்ப்புற்றுநோயுடன் தொடர்புடைய மரபணுக்களோடு எவ்வாறு வினைபுரிகின்றன என்பதைக் கணினியின் துணையால் கண்டறிய முயல்கிறார் அவர். ஆய்வகமும் இல்லை, எலியும் இல்லை. ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் மட்டுமே. இத்தகைய ஆய்வுகள் இந்தியக் கல்வி நிறுவனங்களில் பெருகிவருகின்றன. அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைப் பொதுமக்களும் அறிந்துகொள்வது நல்லது.

இந்த ஆய்வின் முறை எளிமையானது. எந்த வேதிப்பொருள் எந்த மரபணுவின் செயல்பாட்டைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று உலகெங்கும் வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து திரட்டிய தரவுத்தளங்கள் உள்ளன. அவற்றிலிருந்து புகையிலைச் சேர்மங்கள் தொடும் மரபணுக்களின் பட்டியல் ஒன்று எடுக்கப்படுகிறது. வாய்ப்புற்றுநோயில் பிறழ்ந்து காணப்படும் மரபணுக்களின் பட்டியல் மற்றொன்று. இரண்டிலும் பொதுவாக இடம்பெறும் மரபணுக்களே ஆய்வின் தொடக்கப் புள்ளி.

அடுத்து, அந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்புகள் ஒரு வலைப்பின்னலாக வரையப்படுகின்றன. பல ஊர்ச் சாலைகள் சந்திக்கும் கூட்டுரோடு போல, மிகுதியான தொடர்புகள் கூடும் புரதங்கள் அதில் தெரியவரும். இறுதியாக, அந்தப் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தில் புகையிலைச் சேர்மம் எங்கே, எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று கணினி கணக்கிடுகிறது. பூட்டும் சாவியும் பொருந்துவதைப் போன்ற இந்தச் சோதனையை 'டாக்கிங்' என்கிறார்கள்.

இவ்வாறு கண்டறியப்படும் பெயர்களில் அடிக்கடி முன்னணியில் நிற்பது 'டிபி53'. உயிரணுவின் மரபுப்பொருளான டிஎன்ஏ பழுதுபட்டால், அந்த உயிரணு மேலும் பிரியாமல் தடுத்து நிறுத்தும் காவலன் இந்த மரபணு. காவலனே வீழ்ந்துவிட்டால் பழுதுபட்ட உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகும். இது வெறும் கணினிக் கணிப்பு அன்று. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிரிமருத்துவ மரபணுத்தொகுதியியல் நிறுவனமும் நவி மும்பையில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. கன்னமும் ஈறும் சார்ந்த புற்றுநோய்க்கு ஆளான இந்திய நோயாளிகளின் கட்டிகளை நேரடியாக ஆராய்ந்தபோது டிபி53, காஸ்ப்8, ஃபேட்1, நாட்ச்1 உள்ளிட்ட மரபணுக்களில் மாற்றங்கள் மீண்டும் மீண்டும் காணப்பட்டன. புகையிலையை அதக்கும் இடமும் அதே கன்னமும் ஈறும்தான்.

புகையிலை அந்த மாற்றத்தை எவ்வாறு ஏற்படுத்துகிறது? மெல்லும் புகையிலையில் ஏறத்தாழ 30 புற்றுநோய்க் காரணிகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் முதன்மையானவை 'என்என்என்', 'என்என்கே' எனப்படும் நைட்ரோசமீன்கள். புகையிலையைப் பதப்படுத்தும்போது அதிலுள்ள நிகோடினிலிருந்தும் அதன் உறவுச் சேர்மங்களிலிருந்தும் இவை உருவாகின்றன. எனவே, "நான் புகைப்பதில்லை, மெல்லத்தானே செய்கிறேன்" என்ற ஆறுதலுக்கு இடமே இல்லை. நஞ்சு உருவாக நெருப்பு தேவையில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. உடலுக்குள் வரும் அந்நியப் பொருள்களைக் கரைத்து வெளியேற்றுவதற்காகவே நம் உடலில் சில நொதிகள் உள்ளன. என்என்கே உடலுக்குள் வரும்போது அந்த நொதிகளே அதை வீரியமிக்க பொருளாக மாற்றிவிடுகின்றன. மாறிய பொருள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு, அதன் எழுத்துகளைப் பிழையாகப் படிக்க வைக்கிறது. பிழையைத் திருத்தும் புரதங்களும் உடலில் உண்டு. ஆனால், நாள்தோறும் பலமுறை, ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் தாக்குதல் நடந்தால் திருத்துபவர் எத்தனை பிழைகளைத்தான் திருத்துவார்?

கணினி ஆய்வின் எல்லையும் இங்கேதான் புலப்படுகிறது. டாக்கிங், ஒரு சேர்மம் ஒரு புரதத்தில் பொருந்தக்கூடும் என்று மட்டுமே சொல்லும். என்என்கேயின் தீங்கோ பெரும்பாலும் புரதத்தில் பொருந்துவதால் அன்று, டிஎன்ஏவைச் சிதைப்பதால் நேர்கிறது. ஒரு சேர்மம் நன்றாகப் பொருந்தியது என்பதற்காக அதுவே நோயின் காரணம் என்று முடிவு கட்டுவது பிழை. இரண்டு புள்ளிவிவரங்கள் சேர்ந்தே உயர்வதைப் பார்த்து ஒன்று மற்றொன்றின் காரணம் என்று எழுதிய மாணவர்களின் விடைத்தாள்களை நான் முப்பது ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். உடனிருப்பது வேறு, காரணமாவது வேறு.

அப்படியானால் இத்தகைய ஆய்வுகளால் பயனே இல்லையா? உண்டு. ஆயிரக்கணக்கான சேர்மங்களையும் மரபணுக்களையும் ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகச் சோதிக்கக் காலமும் போதாது, பணமும் போதாது. எங்கே தேட வேண்டும் என்று கணினி சுட்டிக்காட்டினால் செலவு மிச்சமாகும். புற்றாக மாறக்கூடிய வெண்திட்டு எது என்பதை எச்சில் சோதனையிலேயே கண்டறியும் அடையாளங்கள் நாளை இந்த வழியில் கிடைக்கலாம். புகையிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் சேரும் நம் நாட்டுக் கலவைகளை ஆராயவும் இது உதவும். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஏற்கெனவே அறிவித்திருப்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

ஆனால், மரபணு பற்றிய பேச்சில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. "என் தாத்தா தொண்ணூறு வயது வரை புகையிலை போட்டார், எங்கள் உடல்வாகு அப்படி" என்று சொல்பவர்களுக்கு அறிவியலே சான்றிதழ் தருவது போல ஆகிவிடக் கூடாது. நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் திறன் மனிதருக்கு மனிதர் வேறுபடுவது உண்மைதான். ஆனால், எவருடைய உடலும் புகையிலைக்கு முழுக் காப்பு பெற்றதன்று.

நோயின் பரப்பைப் பார்ப்போம். பன்னாட்டு மதிப்பீட்டின்படி 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1.43 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப்புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தனர். உலகில் இந்நோய்க்கு ஆளாவோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர். 2016-17-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் 21.4% பேர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர், புகைப்போர் 10.7% மட்டுமே.

புகையிலைத் தொழில் அரசுக்கு வருவாய் ஈட்டித் தருகிறது என்ற வாதம் நெடுங்காலமாக உண்டு. 2017-18-இல் புகையிலை சார்ந்த நோய்களாலும் இறப்புகளாலும் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு ரூ.1.77 லட்சம் கோடி என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1%. அதற்கு முந்தைய ஆண்டில் புகையிலை மூலம் கிடைத்த கலால் வரி, இந்த இழப்பில் சுமார் 12% மட்டுமே. இழப்பின் பெரும்பகுதி மருத்துவச் செலவும் அன்று. உழைக்கும் வயதில் பறிபோன வருமானம். படிப்பை நிறுத்திய ஒரு மகளின் எதிர்காலம் இந்தக் கணக்கிலும் சேரவில்லை.

சட்டத்தின் பயணமும் நேர்க்கோட்டில் இல்லை. தமிழகத்தில் குட்கா உள்ளிட்ட மெல்லும் புகையிலைப் பொருள்களுக்கு 2013 முதல் ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டுவந்த தடையை 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அத்தீர்ப்புக்கு உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அறிவிக்கையை நம்பியிராமல், உறுதியான சட்ட அடித்தளம் தேவை என்பதையே இந்த வழக்கு உணர்த்துகிறது.

வாய்ப்புற்றுநோய் உள்ளுறுப்புகளில் மறைந்திருக்கும் நோயன்று, கண்ணால் காணக்கூடியது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் மக்களின் வாயைக் கண்ணால் பார்த்தே பரிசோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34% குறைந்ததாக 2005-இல் முடிவுகள் வெளியாயின. ஆனால், ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்திய ஆண்களில் வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.2%, பெண்களில் 0.9%.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை எந்தக் கணினியும் நிரப்பாது. தமிழகத்தில் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் களப்பணியாளர்கள், அதே வேளையில் வாயையும் பார்ப்பதைத் தவறாத வழக்கமாக்கலாம். தொழிற்சாலைகளிலும் கட்டுமானப் பணியிடங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாம். பழக்கத்தை விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் இருப்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை, அதைப் பரவலாக்கலாம்.

மரபணு ஆய்வுகள் தொடரட்டும். நாளைய மருந்துக்கும் சோதனைக்கும் அவை வழிகாட்டட்டும். அதுவரை, இரண்டு வாரங்களைக் கடந்தும் ஆறாத வாய்ப்புண்ணையோ தேய்த்தாலும் போகாத வெண்திட்டையோ கண்டால் களிம்பைத் தேடாமல் மருத்துவரைத் தேட வேண்டும். எங்கள் ஆய்வக உதவியாளருக்கு அன்று இதைச் சொல்ல எவரும் இல்லை. அறிவியல் பயிற்றுவிக்கும் வளாகத்திலேயே, அத்தனை பேராசிரியர்களுக்கு நடுவே, அவர் அந்தப் புண்ணோடு நடமாடினார். அவர்களில் நானும் ஒருவன்.