கியோட்டோவில் தேர், மறுநாள் ஒசாகாவில் படகு

ஜப்பானுக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் செர்ரி பூக்கும் ஏப்ரல், இலை சிவக்கும் நவம்பர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் ஜூலை என்பேன். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கியோட்டோவில் அப்போது வெயில் 35 டிகிரியைத் தாண்டும். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த ஊரின் மிகப் பெரிய விழாவும் மிக நல்ல மீனும் அந்த வெயிலில்தான் வருகின்றன.

கியோன் திருவிழாவின் தொடக்கம் 869-ஆம் ஆண்டு. கொள்ளைநோய் பரவிய கோடையில் அதைத் தணிக்க நடத்திய வழிபாடு, இன்று ஜூலை முழுக்க நடக்கிறது. 17, 24 தேதிகளில் தேரோட்டம். கூட்டமும் தெருக்கடைகளும் வேண்டுமென்றால் 17-க்கு முந்தைய இரவுகள். தேர்களை நின்று நிதானமாகப் பார்க்க 24-தான் சரி. பெரிய தேர்கள் 10 டன்னுக்கும் மேல் எடை. ஆணியில்லாமல் கயிற்றாலேயே கட்டுகிறார்கள். சக்கரம் திரும்பாது என்பதால் முனைக்கு வந்ததும் பிளந்த மூங்கிலைத் தரையில் பரப்பித் தண்ணீர் தெளித்து, பக்கவாட்டில் வடம் பிடித்து இழுக்கிறார்கள். தேரில் தொங்கும் துணிகளை விட்டுவிடாதீர்கள். டச்சுக் கப்பல்கள் கொண்டுவந்த பழைய பாரசீக, இந்தியக் கம்பளங்கள் அவற்றில் உண்டு.

இனி அந்த மீன். ஹாமோ, விலாங்கு போல நீண்ட கடல்மீன். ஐஸ் இல்லாத காலத்தில் கடற்கரையிலிருந்து கோடை வெயிலில் கியோட்டோ வரை உயிரோடு வந்து சேர்ந்த மீன் என்பதாலேயே அந்த ஊருக்கு அதன்மேல் அத்தனை பிரியம். உடம்பெல்லாம் நுண்ணிய முள், பிடுங்கி மாளாது. அதனால் தோல் அறுபடாமல், 3 சென்டிமீட்டருக்குள் 24 வெட்டாவது விழும்படி கத்தியை இறக்குவார்கள். வெட்டு விழும் சத்தம் கடைக்கு வெளியிலும் கேட்கும். வெந்நீரில் முக்கி உடனே ஐஸ் நீரில் போட்டால் சதை வெள்ளையாக விரியும். உமே பழ ஊறுகாயை மசித்த புளிப்புச் சாறு தொட்டுச் சாப்பிட வேண்டும். காமோ ஆற்றின் மேற்குக் கரையில், உணவகங்கள் வெளியே நீட்டிப் போடும் மரப்பலகைத் தளத்தில் உட்கார்ந்து, இருட்டும் நேரத்தில் சாப்பிட்டால் இன்னும் நல்லது. விலை கூடுதல்தான். ஒருமுறை கொடுக்கலாம்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த சோபா நூடுல்ஸில் கறி எதுவும் கண்ணில் படாது. தொட்டுக்கொள்ளும் சாறு, உலர்ந்த மீன் சீவல் போட்டு இறக்கிய தாஷி என்னும் அடிச்சாற்றில் செய்ததாக இருக்கும். "மீன் உண்டா" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றே சொல்லக்கூடும். "தாஷி எதில் செய்தது" என்று கேளுங்கள். கவலையில்லாமல் உட்கார புத்த மடங்களின் ஷோஜின் சமையல் இருக்கிறது. கியோட்டோவின் அரஷியாமா பகுதியில், தென்ரியூஜி மட வளாகத்தில் அது கிடைக்கும்: எள் தோஃபு, யூபா என்னும் சோயாப்பால் ஆடை, கடற்பாசியும் காளானும் போட்ட சாறு. வெங்காயம், பூண்டுகூட இல்லை.

வெயிலுக்குப் பயந்து, நடையையெல்லாம் விடியலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புஷிமி இனாரி கோயிலுக்குக் கதவடைப்பும் கிடையாது, கட்டணமும் கிடையாது. 5 மணிக்கே மலையேறத் தொடங்கலாம். நடுப்பகலில் 'ஐஸ்' என்று சிவப்பெழுத்துக் கொடி தொங்கும் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். துருவிய ஐஸின்மேல் பச்சைத் தேயிலைப் பாகு ஊற்றித் தருவார்கள்.

25-ஆம் தேதி ஒசாகாவில் தென்ஜின் விழா. விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். மாலையில் ஓகாவா ஆற்றில் சுமார் 100 படகுகள், மேலே வாணவேடிக்கை. முடிந்ததும் ஜனம் முழுக்க ரயில் நிலையத்துக்குப் பாயும். நீங்கள் தென்ஜின்பாஷிசுஜி பக்கம் நடங்கள், 2.6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட கடைத்தெரு அது. நம் பணியாரக்கல் போன்ற குழிக்கல்லில் ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் தாகோயாகி அங்கே கிடைக்கும். ஒசாகாவில் பிறந்த பண்டம் அது, ஒசாகாவில்தான் சாப்பிட வேண்டும். உள்ளே மாவு குழைவாகக் கொதித்துக்கொண்டிருக்கும், முதல் உருண்டையைக் குச்சியால் கிழித்து ஆறவிடுங்கள்.