வேனில் காடு பார்க்கப் போகிறீர்களா? மூன்றை அடக்கி வையுங்கள்

படுக்கையும் அடுப்பும் பொருத்திய கேம்பர் வேனில் குடும்பத்தோடு காடு பார்க்கக் கிளம்பும் பழக்கம் நம் நாட்டிலும் வேரூன்றி வருகிறது. காடு என்றதும் பலருக்கும் தாமான் நெகாராவோ சபாவோதான் நினைவுக்கு வரும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக்கில் கொண்டு போய் விடுகிறது. அங்கிருந்து புக்கிட் ரோத்தான் வழியாகக் கோலசிலாங்கூர் போய், கடலோரச் சாலையில் வடக்கே சபாக் பெர்ணாம் வரை சென்றால் ஆறு, அலையாத்திக் காடு, வயல், சதுப்புக் காடு என எல்லாமே ஒரே பயணத்தில் கிடைத்துவிடும்.

சுங்கை ரம்பை, ராஜா மூசா என்று தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெயர் சொல்லும் இந்த வட்டாரம் நம்மவருக்குப் புதிதல்ல. ஆனால், வேனில் வருகிறவர் மூன்றைக் கூடவே கொண்டு வருகிறார்: விளக்கு, தீனி, நெருப்பு. நமக்கு வசதியான இந்த மூன்றும் அங்குள்ள உயிர்களுக்கு ஆபத்தாக முடிகின்றன. ஏன் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

விளக்கு

கம்போங் குவாந்தானில் இருட்டியதும் துடுப்புப் படகில் ஏற்றி ஆற்றில் அழைத்துச் செல்வார்கள். கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணையும். இது வேடிக்கைக்காக நடப்பதல்ல. ஆண் பூச்சிகள் ஒளியால் பெண் பூச்சிகளை அழைக்கின்றன. வேனின் முன்விளக்கோ கேமராவின் பளிச்சொளியோ அவற்றின் மீது விழுந்தால் அந்த அழைப்பு குழம்பிப்போகும். இணை சேராவிட்டால் அடுத்த தலைமுறை ஏது?

மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். மின்மினியின் புழுப்பருவம் மரத்தில் கழிவதில்லை. கரைக்குப் பின்னால் நிப்பாவும் ரும்பியாவும் வளரும் ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று கழிகிறது. அந்த நிலத்தைச் செம்பனைக்காகவோ கட்டடத்துக்காகவோ வழித்துவிட்டால், கரையில் மரங்கள் வரிசையாக நின்றாலும் அவற்றில் மின்னப் பூச்சி இருக்காது. சிலாங்கூர் அரசு 2009-இல் இந்த ஆற்றோரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அரசிதழில் வெளியிட்டதற்கு இதுவே காரணம். மின்மினி போனால் படகோட்டிகளின் பிழைப்பும் போகும்.

தீனி

மறுநாள் காலையில் புக்கிட் மெலாவத்தி. 1784-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிய கோட்டையும், 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும் அங்கே உள்ளன. சாம்பல் நிறக் குரங்குகள் ஆரஞ்சு நிறக் குட்டிகளை மார்பில் அணைத்தபடி காருக்கே வந்துவிடும். பிள்ளைகள் ரொட்டியும் கடலையும் நீட்டுவார்கள்.

இந்தக் குரங்குகள் இலை தின்னிகள். மாடு அசை போடும் வயிறுபோல, இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும் வயிறு அவற்றுக்கு. ரொட்டி, இனிப்பு வகையெல்லாம் அந்த வயிற்றுக்கு ஒவ்வாது. தீனிக்காகச் சாலையில் காத்திருந்து பழகிய குரங்கு வாகனத்தில் அடிபடும் ஆபத்தும் அதிகம்.

மலையடிவாரத்தில் உள்ள இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் கோல்ஃப் திடலாகியிருக்க வேண்டிய இடம். மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் 1987-இல் பூங்காவானது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வட நாடுகளின் குளிருக்குத் தப்பி வரும் பறவைகளை இங்கே காணலாம். பார்க்கத் தொலைநோக்கி போதும், தீனி தேவையில்லை.

தீ

தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்களுக்குப் பின்புறம் உள்நாட்டில் இருப்பது ராஜா மூசா, சுங்கை காராங் வனக்காப்பகங்கள். மண்ணைப் பார்த்தால் மண் போலத்தான் தெரியும். உண்மையில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி, மட்காமல் குவிந்த இலையும் வேரும் கட்டையும். மலாயில் ‘கம்புட்’ என்பார்கள். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால், கீழேயுள்ள நெல் வயல்களுக்கும் அது துணை நிற்கிறது.

கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் கம்புட் காய்ந்து விறகாகிறது. இரவில் மூட்டிய சிறு நெருப்பு, மேலே தண்ணீர் ஊற்றியதும் அணைந்ததுபோல் தெரியும். ஆனால் மண்ணுக்குள் புகுந்து நாள்கணக்கில், ஏன், வாரக்கணக்கிலும் புகையும். வறட்சிக் காலப் புகைமூட்டத்தில் மூச்சுத்திணறும் குழந்தைகளையும் முதியோரையும் நாம் பார்த்திருக்கிறோம். ராஜா மூசாவில் 2008 முதல் வனத்துறை, சமூக அமைப்புகளோடு சேர்ந்து பழைய கால்வாய்களை அடைத்து, நீரைத் தேக்கி, மரம் நட்டு வருகிறது. பல ஆண்டு உழைப்பை ஒரே இரவில் சாம்பலாக்க ஓர் அடுப்பு போதும்.

எனவே புறப்படுமுன் சில ஏற்பாடுகள் தேவை. வனக்காப்பகத்துக்குள் நுழைய வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். இரவில் வேனை ஊருக்குள் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிறுத்துங்கள். சமையலை அங்கேயே முடித்துக்கொண்டு, சிகரெட் துண்டையும் குப்பையையும் பையில் கட்டி எடுத்து வாருங்கள். மின்மினி பார்க்க மழையும் முழு நிலவும் இல்லாத இரவாகத் தேர்ந்தெடுங்கள். படகில் ஏறியதும் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குப் பிறகுதான் மரம் முழுவதும் தெரியும்.