கேட்டுச் செய்யும் பராமரிப்பு

கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் என் சாச்சி இருக்கிறார். சோறு, மருந்து, படுக்கை எதிலும் குறையில்லை. ஒருநாள் சொன்னார்: “எல்லாம் தாராங்க மகன், ஆனா ஒண்டும் கேக்கிறல்ல.”

அஸருக்கு முன் குளிக்கிறீர்களா, பிறகா? கதவைச் சாத்தவா? தேநீருக்குச் சீனி போடவா? நல்ல பராமரிப்பின் அடிப்படை விழுமியங்கள் இத்தகைய சின்னக் கேள்விகளில்தான் இருக்கின்றன. குளிக்கும்போது கதவைச் சாத்துவது அந்தரங்கத்தை மதிப்பது. நேரத்தைக் கேட்பது தெரிவுரிமை. தானே வுழூச் செய்யக்கூடியவருக்கு நாற்காலியும் தண்ணீரும் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது அவரது சுயாதீனத்தைக் காப்பது.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது என்கிறது. முதியோர் இல்லங்களைப் பதிவு செய்யவும் ஏற்பாடு செய்கிறது. ஆனால், பேசும் தொனியைச் சட்டத்தால் அளக்க முடியாது. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பான ஒரு சொல்லையும் அல்குர்ஆன் (17:23) தடுக்கிறது.

இல்லத்தாரை மட்டும் குறை சொல்லவும் என்னால் முடியாது. சாச்சியை அங்கே சேர்ப்பதென்று குடும்பமாக முடிவெடுத்த அன்று, நாங்களும் அவரிடம் கேட்கவில்லை.