மேப் அழகா இருக்கு, மண்டையில ஏறுச்சா?

காலேஜ்ல ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் வைவாவுக்கு முந்தின ராத்திரி, லேப்டாப்ல ஒரு பெரிய கான்செப்ட் மேப் போட்டேன். கலர் கலரா பெட்டிகள், வளைஞ்சு போற அம்புக்குறிகள். ஹாஸ்டல்ல பாதிப் பேர் அதை போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. மறுநாள் முதல் கேள்வி: "ப்ராசஸுக்கும் த்ரெட்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" அந்த ரெண்டு பெட்டியோட கலர் ஞாபகம் வந்துச்சு. நடுவுல இருந்த அம்புக்குறிக்கு என்ன அர்த்தம்னு வரலை.

தப்பு எங்கேன்னு புரிய, 1972-க்குப் போகணும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துல ஜோசப் நோவாக் குழு, குழந்தைகளோட அறிவியல் புரிதல் வருஷா வருஷம் எப்படி மாறுதுன்னு பேட்டி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. பக்கம் பக்கமா இருந்த பேட்டிகள்ல அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனால குழந்தை சொன்னதைப் படமாக்கினாங்க. ஆக, கான்செப்ட் மேப் பிறந்தது பாடத்தைச் சுருக்க இல்லை. ஒருத்தர் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு வெளியே எடுத்துப் பார்க்க.

இதோட உயிர் அம்புக்குறி மேல எழுதுற வார்த்தை. "ப்ராசஸ் – தனக்குள் வைத்திருக்கும் – த்ரெட்கள்". "ஒரே ப்ராசஸின் த்ரெட்கள் – பகிர்ந்துகொள்ளும் – மெமரி". படிச்சா ஒரு வாக்கியம் வரணும். வாக்கியம்னா சரியா தப்பான்னு சொல்லலாம். வெறும் கோடு தப்பாகவே முடியாது, அதான் பிரச்சினை. ஃப்ளோரிடாவுல இருக்கிற ஐஎச்எம்சி நிறுவனத்தோட இலவச சிமேப்டூல்ஸ்ல ரெண்டு பெட்டியை இணைச்சா, நடுவுல கேள்விக்குறிகள் வந்து நிக்கும். "என்ன சம்பந்தம், எழுது"ன்னு கேக்குற மாதிரி. சாதாரண ஒயிட்போர்டு ஆப்ல அந்தத் தொல்லை இல்லை, அம்பு போட்டுட்டு நகர்ந்துடலாம்.

இன்னொரு விஷயம். 2011-ல பர்டியூ பல்கலைக்கழகத்தின் கார்பிக், பிளண்ட் ரெண்டு பேரும் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு குழு பாடத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு கான்செப்ட் மேப் வரைஞ்சது. இன்னொரு குழு படிச்சது, மூடிவெச்சது, ஞாபகம் இருந்ததை எழுதுச்சு, திரும்பவும் படிச்சு எழுதுச்சு. ஒரு வாரம் கழிச்சு வெச்ச டெஸ்ட்ல ஜெயிச்சது ரெண்டாவது குழு. டெஸ்ட்டே கான்செப்ட் மேப் வரையறதுதான்னு இருந்தப்பவும் அவங்கதான்!

அப்போ மேப் வேஸ்ட்டா? இல்லை. புத்தகத்தைத் திறந்து வெச்சு வரைஞ்சா, மண்டையைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. பிடிஎஃப்ஃபை அப்லோட் பண்ணினா ஒரே கிளிக்ல ஏஐ மேப் போட்டுத் தருது. பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது நீங்க யோசிச்ச மேப் இல்லை.

அடுத்த முறை இப்படிப் பண்ணிப் பாருங்க. பாடத்தைப் படிச்சு மூடுங்க. மேல ஒரு கேள்வி எழுதுங்க: "ஒரே ப்ராசஸர் கோர்ல பல வேலைகள் எப்படி மாறி மாறி ஓடுது?" ஞாபகம் வர்ற பத்து சொற்களைப் பெட்டிகளாக்குங்க. ஒவ்வொரு அம்புக்கும் ஒரு வார்த்தை எழுதுங்க. வரலைன்னா காலியா விடுங்க. அப்புறம் புத்தகத்தைத் திறந்து சிவப்புல திருத்துங்க.

அந்தக் காலி அம்புகள்தான் நீங்க இன்னைக்குப் படிக்க வேண்டிய இடம். எனக்கு அது வைவாவுல தெரிஞ்சது. உங்களுக்கு முந்தின ராத்திரியே தெரியட்டும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!